ஆகஸ்ட் 22: யாருடைய சென்னை?

ஆகஸ்ட் வந்துவிட்டால் சென்னை தினக் கொண்டாட்டங்கள் களைகட்டும். பழைய புகைப்படக் கண்காட்சி, பாரம்பரிய நடை, ஃபில்டர் காபி பற்றி நாலு கட்டுரை. 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரை மணல்திட்டு எழுதிக்கொடுக்கப்பட்டதாம். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி இடம் வாங்கிய பத்திரத் தேதியைத்தான் நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடிவிட்டுப் போகட்டும். எனக்கு அந்தத் தேதியில் வேறொரு ஆண்டு நினைவுக்கு வருகிறது.

1924 ஆகஸ்ட் 22. சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிய நாள். எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுக் கட்டடம் எதற்குள்ளும் போகலாம் என்பதுதான் அதன் சாரம். இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டிருக்கிறது. அது அரசாணையாகவும் வந்தது. ஒரே தேதிக்கு இரண்டு வரலாறு இருக்கிறது. ஒன்றுக்கு கேக் வெட்டுகிறோம். மற்றதைச் சமூகவியல் முதுகலை வகுப்பில்கூட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. படிப்பை முடித்து, களப்பணிக்கு வந்த பிறகு ஒரு பெரியவர் கொடுத்த நைந்துபோன சிறு வெளியீட்டில்தான் படித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாரம்பரிய நடைக்கு எங்கள் பகுதி மாணவர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். துபாஷிகளின் மாளிகைகள், வணிகர்கள் கட்டிய கோயில்கள், வெள்ளைக்கார கவர்னர்களின் சிலைகள் என்று இரண்டு மணி நேரம். வழிகாட்டி நன்றாகவே பேசினார், குறை சொல்ல மாட்டேன். முடிவில் ஒரு பையன் கேட்டான்: "அக்கா, இதையெல்லாம் கட்டும்போது மண்ணு சுமந்தவங்க எங்க இருந்தாங்க?" அந்தக் கேள்விக்கு வழிகாட்டியின் பதில், "அது வேற டாபிக்."

வேற டாபிக் இல்லை தோழர்களே. ராயப்பேட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1893 அக்டோபரில் சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே ஒரு இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லால் காறித் துப்பினார்களோ அதையே முகப்பில் அச்சடித்தார். மாத இதழ் மூன்றே மாதத்தில் வார இதழானது; 1900 வரை வந்தது. அதே 1893 டிசம்பரில் ராயப்பேட்டை வெஸ்லியன் மண்டபத்தில் கூட்டம். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடந்தால் அதிகாரம் முழுக்க சாதி இந்துக்கள் கைக்குப் போகும் என்று எதிர் மனு தயாரானது. 3,412 பேர் கையெழுத்திட்ட அந்த மனுவின் நீளம் 112 அடி. வாட்ஸப்பும் இல்லை, கூகுள் படிவமும் இல்லை. சேரி சேரியாக நடந்து வாங்கிய கையெழுத்து அது.

அதே ராயப்பேட்டையில்தான் 1898இல் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' அங்கிருந்துதான் புறப்பட்டது. விலையே பெயர். ஓராண்டு கழித்து 'தமிழன்' என்று மாறியது. சீனிவாசனின் சகோதரியைத்தான் அயோத்திதாசர் மணந்திருந்தார், இருவரும் மைத்துனர்கள். ஆனால் 'பறையன்' என்ற பெயரை அயோத்திதாசர் ஏற்கவே இல்லை. இழிவென்று சுமத்திய பெயரை நாமே ஏன் சூடிக்கொள்ளவேண்டும் என்பது அவர் வாதம். ஒளிக்கிறவரைக்கும்தான் அது இழிவு என்பது இவர் வாதம். எந்தப் பெயரில் நம்மை அழைத்துக்கொள்வது என்று இன்று விடுதி அறைகளில் நீங்கள் விடிய விடியப் பேசுகிறீர்களே, அந்தச் சண்டைக்கு நூற்று இருபது வயதுக்கு மேல் ஆகிறது. 1922இல் பரங்கிமலைக்காரரான எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயருக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தது இதே சண்டையின் இன்னொரு சுற்று.

இனி பேசத் தயங்குகிற இடத்துக்கு வருவோம். 1921, பெரம்பூர், பின்னி ஆலை. இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பிறந்தது இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள்.

தொழிற்சங்க வரலாறு எழுதியவர்களில் பலர் இதை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: கருங்காலிகள். நான் அப்படி முடிக்கமாட்டேன். வேலை நின்றால் அடகு வைக்க ஒருவனிடம் நகை இருக்கும், ஊரில் கால் காணி நிலம் இருக்கும், கடன் தர சொந்தக்கார மளிகைக்கடை இருக்கும். சேரிக்காரனிடம் இருந்தது அன்றைய கூலி மட்டும்தான். பட்டினி தாங்கும் கால அளவு இருவருக்கும் ஒன்றல்ல என்ற கணக்கைச் சங்கம் போடவில்லை. அதற்காக, வெள்ளை முதலாளி நம் வறுமையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டான் என்பதையும் மறைக்கக் கூடாது. வேலைக்குப் போகச் சொன்ன எம்.சி.ராஜாவின் முடிவு சரியா என்று விவாதிக்கலாம். விவாதிக்கத்தான் வேண்டும். நம் தலைவர் என்பதற்காகக் கேள்வியை விழுங்கத் தேவையில்லை.

ஆனால் கலவரத்துக்குப் பிறகு நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் அரசுக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? ஆதிதிராவிடர்களைச் சென்னைக்கு வெளியே அப்புறப்படுத்திவிடலாம் என்பது. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு போட்ட அதே தியாகராயர்தான். இரண்டுமே உண்மை, ஒன்றை வைத்து மற்றதை அழிக்க நான் வரவில்லை. இருந்தாலும் தி.நகர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் அந்த யோசனை என் மண்டையில் குடையத்தான் செய்கிறது. எம்.சி.ராஜா நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். ஆதிதிராவிடர்கள் நகரத்தை விட்டு வெளியேறவில்லை. அந்தச் சமூகத்திலிருந்து வந்த என்.சிவராஜ் 1945இல் இந்த நகரத்தின் மேயராகவே அமர்ந்தார்.

அன்று நிறைவேறாத யோசனை பிறகு தவணை முறையில் நிறைவேறிக்கொண்டிருக்கிறது. நான் வேலை செய்வது கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும். கூவம் ஓரத்திலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள். எல்லோரும் தலித்துகள் அல்ல. ஆனால் எந்த மாடிக் கட்டடத்துக்குள் வேண்டுமானாலும் ஏறிப் போய்ப் பாருங்கள், யார் அதிகம் என்று புரியும். ஆற்றை மீட்கவேண்டும், வெள்ளம் வரக் கூடாது என்பார்கள். நியாயம்தான். அப்படியென்றால் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் ஏன் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பில் இருக்கிறது? ஆற்றோரக் குடிசை ஆக்கிரமிப்பு என்றால் ஆற்றோரக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு என்ன பெயர்?

இதில் ஒரு பெயர் என்னைத் தூங்கவிடுவதில்லை. சத்தியவாணி முத்து. 1923இல் பிறந்தவர், பெரம்பூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர், அமைச்சரானவர். ஒடுக்கப்பட்டோருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று தி.மு.க.விலிருந்து வெளியேறி 1974இல் 'தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம்' கண்டவர். 1979இல் ஒன்றிய அமைச்சர். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தொலைவில், கூவக்கரையில் இருந்த குடியிருப்புக்கு அவர் பெயர்தான்: சத்தியவாணி முத்து நகர். 2019 டிசம்பர் கடைசியில், பள்ளி ஆண்டின் நடுவில், அங்கே வீடுகளை இடித்தார்கள். குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இருபது கிலோமீட்டருக்கும் மேல். பாரிமுனையில் மூட்டை தூக்கியவருக்கும் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கும் வேலை அங்கேயே நின்றுபோனது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்த பிள்ளைகள் விடிவதற்குள் பஸ் பிடித்தார்கள்.

அயோத்திதாசருக்கு கிண்டியில் மணிமண்டபம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதே வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கும் இருக்கிறது. மகிழ்ச்சி; பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன், நீங்களும் போங்கள். மண்டபம் கட்ட இடம் கொடுக்க முடிகிற நகரத்துக்கு, அந்த மண்டபத்தில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் படுத்துறங்க இடம் கொடுக்க முடியவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இந்த ஆகஸ்ட் 22 அன்று நாங்களும் ஒரு நடை போகிறோம். ராயப்பேட்டையில் காலை ஆறரைக்குத் தொடங்கி, புளியந்தோப்பு வழியாக, சத்தியவாணி முத்து நகர் இருந்த இடம் வரைக்கும். வழிகாட்டப்போவது பெரும்பாக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண். அவள் பிறந்த வீடு அங்கேதான் இருந்தது. முதல் பஸ் சரியான நேரத்துக்குக் கிடைத்தால் ஆறரைக்கு வந்துவிடுவாள். கொஞ்சம் தாமதமானால் காத்திருப்போம்.