பொதுச் சாலையின் எழுத்து பொதுச் சொத்தாகட்டும்

நெடுஞ்சாலைப் பலகையில் ஊரின் பெயரையும் தூரத்தையும் தாங்கி நிற்கும் எழுத்து, ஓய்வாக அமர்ந்து வாசிப்பதற்காக அமைந்த புத்தக எழுத்தன்று. விரைந்து செல்லும் வாகனத்தில் இருப்பவர், இரவாயினும் மழையாயினும், ஓரிரு விநாடிகளுக்குள் அதைக் கிரகித்துத் தம் மார்க்கத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்னும் ஒரே பிரயோஜனத்தை முன்னிட்டு, நிபுணர்கள் பரிசோதித்து நிர்ணயித்த எழுத்து அது. அத்தகைய எழுத்துருவை ஒருவர் தம் கணினியில் நிறுவிக்கொள்ள விரும்பினால், அதை அவருக்கு அளிக்கும் கடமை சாலையைப் போட்ட சர்க்காருடையது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பிரிட்டனின் அனுபவத்தை முதலில் நோக்குவோம். 1950-களின் இறுதியில் அந்நாட்டில் புதிய மோட்டார் சாலைகள் உருவானபோது, அவற்றுக்குரிய பலகைகளை வகுக்கும் பொறுப்பு ஜாக் கின்னியரிடமும், அவரோடு பணியாற்றிய மார்கரெட் கால்வெர்ட்டிடமும் வந்து சேர்ந்தது. 1958-ல் திறக்கப்பட்ட பிரஸ்டன் புறவழிச்சாலையில் அவர்களுடைய பலகைகள் முதன்முதலாக நின்றன. பின்னர் வோர்பாய்ஸ் குழுவின் சிபாரிசுப்படி 1965-ஆம் ஆண்டு முதல் நாடெங்கிலும் அதே முறை அமலுக்கு வந்தது. ‘டிரான்ஸ்போர்ட்’ என்னும் அந்த எழுத்தின் சூட்சுமம் வடிவத்தில் மட்டும் இல்லை. இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்துக்கு ஒரு கனமும், வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்துக்கு அதைவிடத் தடித்த மற்றொரு கனமும் அதில் உண்டு. ஒவ்வோர் எழுத்தும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஓட்டின்மீது அமர்ந்திருப்பதாகப் பாவித்து, ஓடுகளை அடுத்தடுத்து ஒட்டி வைத்தால் எழுத்துகளுக்கிடையே உரிய இடைவெளி தானே அமையும்படி அதை வகுத்திருக்கிறார்கள். சிறிய எழுத்தின் உயரத்தில் கால் பங்கை ஓர் அலகாகக் கொண்டே பலகையின் ஓரமும் வரியிடைவெளியும் கணக்கிடப்படுகின்றன. ஆகையால் எழுத்துகளின் உருவத்தை மாத்திரம் நகலெடுத்து, இடைவெளியைக் கைவிட்ட ஓர் எழுத்துரு, பார்வைக்கு அதுவே போலத் தோன்றினாலும் காரியத்துக்கு உதவாது.

அமெரிக்காவின் வரலாறு இன்னும் படிப்பினை நிறைந்தது. ‘ஹைவே காதிக்’ என்று வழங்கும் அந்நாட்டு எழுத்தை மத்திய நெடுஞ்சாலை நிர்வாகமே பராமரித்து, ஒவ்வோர் எழுத்தின் வரைபடத்தையும், எழுத்துகளுக்கிடையே விட வேண்டிய இடைவெளியின் அட்டவணையையும், எவரும் தடையின்றி எடுத்துக்கொள்ளுமாறு பிரசுரித்திருக்கிறது. பி என்னும் ஒடுங்கிய வரிசை முதல் எஃப் என்னும் அகன்ற வரிசை வரையில் பல வரிசைகள் அதில் உண்டு. பெருவழிப் பலகைகளில் காணும் திருத்திய ஈ வரிசை, ஒளியைப் பிரதிபலிக்கும் குமிழ்களை எழுத்தின்மீதே பதிப்பதற்கு இடம் வேண்டும் என்பதற்காகத் தடிக்கச் செய்யப்பட்டது. பிற்காலத்தில் பலகை முழுவதும் ஒளியைத் திருப்பும் தகடுகள் வந்தபோது, அந்தத் தடித்த எழுத்துகளின் உட்புறம் இரவில் ஒளி பரவி மங்குகிறதென்று கருதி, டான் மீக்கரும் ஜேம்ஸ் மோன்டல்பானோவும் தம் சகாக்களுடன் ‘கிளியர்வியூ’ என்ற எழுத்தை உருவாக்கினார்கள். 2004-ல் நிர்வாகம் அதற்கு இடைக்கால அனுமதி தந்தது. முன்பு கண்ட அனுகூலத்துக்குப் புதிய தகடுகளே பெரிதும் காரணம் என்றும், வெளிர் பின்னணியில் அந்த எழுத்து பின்தங்குகிறது என்றும் கூறி 2016-ல் அனுமதியை ரத்துச் செய்தது. 2018-ல் மீண்டும் அளித்தது. இரண்டில் எது சிறந்தது என்ற விவாதம் நிபுணர்களுக்குரியது. பொதுமக்கள் கவனிக்க வேண்டியது, முன்னதன் வரைபடம் எவர்க்கும் இலவசம், பின்னதன் எழுத்துருவுக்கோ விலை கொடுத்து உரிமம் பெற வேண்டும் என்னும் வேற்றுமையைத்தான்.

வரைபடம் இலவசமாயிருந்தும், அது கணினியில் நிறுவத்தக்க கோப்பு ஆகாது. அந்தக் குறையைப் போக்கியவர்கள் சாலைகளின்மீது கொண்ட அபிமானத்தால் வரைபடங்களைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்து ‘ரோட்கீக்’ முதலிய எழுத்துருக்களை இலவசமாக வழங்கிய ஆர்வலர்களே. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆதரவில் வெளிவந்த ‘ஓவர்பாஸ்’ கட்டற்ற உரிமம் உடையதாயினும், கணினித் திரைக்கெனப் பக்குவப்படுத்தப்பட்டதாகையால் பலகை எழுத்தின் நேர்ப்பிரதி ஆகாது. எனவே ஓர் எழுத்துருவை இறக்கிக்கொள்பவர், எந்த வரிசை, எந்தக் கனம், இடைவெளி விதிப்படி அமைந்ததா, உரிமம் எதை அனுமதிக்கிறது என்னும் நான்கையும் முதலில் பரிசீலிப்பது அவசியம். கோப்பு டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் வடிவில் இருக்கட்டும். பழைய ‘டைப் 1’ வடிவத்துக்கு அடோபி 2023-ல் தன் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸில் கோப்பின்மீது வலச்சொடுக்கி ‘நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். மேக் கணினியில் ‘ஃபாண்ட் புக்’ அதைச் செய்யும். நிறுவுவது நிமிஷ நேரத்து வேலை. நம்பத்தக்கதைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

இந்தச் சிரமம் அநாவசியமானது. சிற்றூரின் பலகையைத் தயாரிக்கும் ஒப்பந்ததாரர், பாதுகாப்பை ஆராயும் மாணவர், வரைபடம் வரைபவர் ஆகிய அனைவருக்கும் பிழையற்ற ஒரே மூலம் வேண்டும். இலவசமாகக் கொடுத்தால் போலிப் பலகைகள் பெருகும் என்று அஞ்சுவோர், எழுத்தின் வடிவம் ஏற்கெனவே பகிரங்கமாக இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். பலகைக்கு அதிகாரத்தைத் தருவது அதை நாட்டியவரின் சட்ட உரிமையேயன்றி எழுத்தன்று. எழுத்தைப் படைத்த கலைஞரின் உழைப்புக்குக் கூலி வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் விடை, சர்க்கார் அந்தக் கலைஞருக்குத் தாராளமாக ஒருமுறை ஊதியம் தந்து, படைப்பை ஜனங்களுக்கு உரியதாக்குவதே.

தமிழகச் சாலைகளில் தமிழிலும் பெயர்கள் எழுதப்படுகின்றன. ஆதலால் இந்த நியதி நமக்கும் பொருந்தும். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டுமுறை இருந்த காலத்தில், ஒருவர் தட்டச்சிட்டதை மற்றொருவர் வாசிக்க இயலாமல் பட்ட துன்பத்தை நாம் அறிவோம்; தமிழக அரசு 2010-ல் யூனிக்கோடை ஏற்றது அத்துன்பத்துக்குப் பரிகாரமாயிற்று. சாலைப் பலகையின் தமிழெழுத்தும் அம்முறையிலேயே, ணகரமும் னகரமும் தொலைவிலிருந்தே வேறுபட்டுத் தெரிகின்றனவா, சுழிகள் இரவின் ஒளியில் அடைந்துபோகாமல் இருக்கின்றனவா என்று ஓடும் வாகனத்திலிருந்து பரிசோதிக்கப்பட்டு, இடைவெளி விதிகளோடு முழுமையான கோப்பாக, எவரும் இறக்கி நிறுவிக்கொள்ளுமாறு சர்க்காரின் பெயரால் வெளிவர வேண்டும். வரிப்பணத்தில் சாலை போடுகிற சர்க்கார், அந்தச் சாலையில் தான் பேசும் எழுத்தையும் வரி செலுத்துவோர் கையில் கொடுப்பதே முறை.