எலும்புக்கூட்டின் ஆல்பம்

உங்கள் வீட்டில் பத்து வயசைத் தொட்ட பிள்ளை இருந்தால், நீல ஜாக்கெட் போட்டுக்கொண்டு எந்நேரமும் சிரிக்கிற ஒரு எலும்புக்கூட்டை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். டி-ஷர்ட்டில், இல்லையென்றால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில். பெயர் சான்ஸ். 'அண்டர்டேல்' என்கிற கேமில் வருகிறவர். கேம் வெளிவந்தது 2015 செப்டம்பரில். பத்து வருஷம் தாண்டியாச்சு, "இவர் யாரு, எங்கேர்ந்து வந்தார்?" என்கிற பஞ்சாயத்து மட்டும் இன்னும் முடியவில்லை. யூட்யூபில் மணிக்கணக்கில் இதற்கு விளக்கம் ஓடுகிறது. "இதைப் போய் உக்காந்து பாக்குதே" என்று தலையில் கை வைக்கிற அப்பா அம்மாக்களுக்காக இந்த வாரம்.

கேமை ஏறக்குறைய தனி ஆளாகச் செய்தவர் டோபி ஃபாக்ஸ் என்கிற அமெரிக்கர். எழுத்து, இசை, கோடிங் எல்லாம் அவர். படங்களில் டெம்மி சாங்கின் பங்கு பெரியது. 2013-ல் கிக்ஸ்டார்ட்டரில் 5,000 டாலர் கேட்டார், 51,000-க்கு மேல் வந்தது. கதை எளிமையானது. மனிதர்களிடம் சண்டையில் தோற்ற பூதங்கள் ஒரு மலைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கின்றன. அங்கே ஒரு மனிதக் குழந்தை தவறி விழுகிறது. அதுதான் நாம். விரும்பினால் ஒருத்தரைக்கூடக் கொல்லாமல் வெளியே வரலாம்.

அங்கே பனி ஊரில் இருப்பவர்தான் சான்ஸ். மொக்கை ஜோக் அடித்துக்கொண்டு, வேலை நேரத்தில் தூங்குகிற ஆள். கூடவே தம்பி பப்பைரஸ். (ஆங்கிலத்தில் 'பிரதர்' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். தமிழில் அண்ணனா தம்பியா என்று சொல்லியாகணும். நான் தம்பி என்று வைத்துக்கொள்கிறேன், அதுவே ஒரு தியரிதான்.) இந்த ரெண்டு பேரும் ஒருநாள் திடீர்னு வந்து சேர்ந்தவர்கள் என்று ஊர்க் கடைக்காரம்மா போகிறபோக்கில் சொல்வார். அவ்வளவுதான். கேம் அதற்கு மேல் வாய் திறக்காது.

ஆனால் வீட்டுக்குப் பின்னால் பூட்டிய கதவு ஒன்று இருக்கிறது. அதற்கான சாவி சாதாரணமாக ஆடினால் கிடைக்காது. கடைசிக் கட்டத்தில் சான்ஸிடம் பேசி, பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பிப் போய், மறுபடி பேசி, அவர் வைக்கிற ரகசியச் சொல் பரீட்சையில் தேறினால் முதலில் அவர் அறைச் சாவி வரும். பின்கதவுச் சாவி அந்த அறைக்குள் இருக்கும். கதவைத் திறந்தால் ஒரு சின்ன பட்டறை. துணி போட்டு மூடிய, உடைந்த மெஷின் ஒன்று. யாராலும் படிக்க முடியாத குறிகளில் வரைபடங்கள். ஒரு டிராயரில் போட்டோ ஆல்பம். அதில் சான்ஸ், நமக்குத் தெரியாத நிறைய பேரோடு நிற்கிறார். சந்தோஷமாக இருக்கிறார். யார் அவர்கள்? கேம் கடைசிவரை சொல்வதில்லை.

என் மகளுக்குப் பதினொன்று. இந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள்.

இன்னொரு மர்மப் புள்ளி காஸ்டர். ராஜாவிடம் முன்பு இருந்த விஞ்ஞானி, தான் கட்டியதிலேயே விழுந்து மறைந்துபோனவர் என்று கேமில் சில சாம்பல் நிற ஆட்கள் சொல்வார்கள். அந்த ஆட்களைப் பெரும்பாலோர் பார்த்தே இருக்க மாட்டார்கள். கேமைப் புதுசாகத் தொடங்கும்போது உள்ளே 1 முதல் 100 வரை ஒரு எண் குலுக்கிப் போடப்படுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த எண்ணைப் பொறுத்துத்தான் அவர்கள் வருவார்கள். எண் 66 என்றால் ஒரு சாம்பல் கதவு வரலாம், வராமலும் போகலாம். உள்ளே போனால் ஒரு உருவம், தொட்டதும் மறைந்துவிடும். நம் பாத்திரத்துக்கே 'காஸ்டர்' என்று பெயர் வைத்துப் பாருங்கள், கேம் முதலிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளும். இதையெல்லாம் ஃபைலைப் பிரித்துப் படித்துக் கண்டுபிடித்தார்கள் ரசிகர்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சம்பளம் கொடுத்தாலும் இவ்வளவு பொறுமையாக யாரும் லாக் ஃபைல் படிக்க மாட்டார்கள்.

இங்கிருந்துதான் தியரிகள் கிளம்புகின்றன. காமிக் சான்ஸ், பப்பைரஸ் ரெண்டுமே கம்ப்யூட்டர் எழுத்துருக்கள். அண்ணன் தம்பி பேசுவதும் அந்தந்த எழுத்தில்தான். காஸ்டரின் முதல் எழுத்துகள் டபிள்யூ, டி. விங்டிங்ஸ் எழுத்துருவில் ஒளிந்திருக்கும் ஒரு குறிப்பும் கேமில் இருக்கிறது. ஆகவே காஸ்டர் இவர்கள் குடும்பம், அநேகமாக அப்பா என்பது ஒரு கட்சி. கடைசிப் படி ஊகம்தான், ஆனாலும் முந்தின படிகள் கேமிலேயே இருக்கின்றன.

2016-ல் 'கேம் தியரி' சேனலின் மேத்யூ பேட்ரிக் வேறொன்று சொன்னார்: சான்ஸ் வேறு யாருமில்லை, 1990-களில் வந்த 'எர்த்பவுண்ட்' கேமின் நாயகன் நெஸ். டோபி ஃபாக்ஸ் சின்ன வயதில் எர்த்பவுண்டை மாற்றி ஒரு கேம் செய்தவர் என்பது உண்மை. ஆனால் அது செய்தவருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்கிறதே தவிர, எலும்புக்கூட்டின் பூர்வீகத்தைச் சொல்லவில்லை. ரசிகர்கள் கிண்டலடித்தே அதை ஓய வைத்தார்கள். (இதே மனிதர் அதே வருஷம் போப் பிரான்சிஸுக்கு அண்டர்டேலைப் பரிசாகக் கொடுத்தார். நம்ப மாட்டீர்கள், நிஜம்.)

பிள்ளைகளோடு பேச வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தியரி கட்டுவது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று மொத்தமாகத் தீர்ப்பு சொல்ல முடியாது. எதைப் பார்த்தாலும் "தற்செயலா இருக்க வாய்ப்பே இல்ல" என்று முடிச்சுப் போடப் பழகிய மூளைக்கு, நிலாவில் மனிதன் இறங்கவே இல்லை என்கிற வீடியோவும் அதே ருசியில்தான் இருக்கும். நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தாலே போதும், வயசானவர்களும் இதற்கு விலக்கில்லை. அதனால் நான் வீட்டில் ரெண்டே கேள்வி கேட்பேன். "இதை கேம்ல எங்க பார்த்த?" அப்புறம், "என்ன கிடைச்சா உன் தியரி தப்புன்னு ஒத்துக்குவ?" முதல் கேள்விக்குப் பதில் உடனே வரும். ரெண்டாவதற்கு ஒரு வாரம் ஆனது. வந்தபோது, காஸ்டர்தான் அப்பா என்கிற பக்கத்தை அவளே அடித்துவிட்டு 'இருக்கலாம்' என்று எழுதியிருந்தாள்.

அந்த நோட்டோடு போன மாசம் என் அப்பா வீட்டுக்கு வந்தாள். அலமாரியில் இருந்த ஆல்பத்தை இறக்கினாள். நானும் சின்ன வயதில் புரட்டியதுதான், ஹாஸ்டல் படங்கள், கல்யாணப் படங்கள். அவள் பார்த்தது வேறு. கறுப்பு பிரேம் கண்ணாடி போட்ட ஒருத்தர் ஹாஸ்டல் படங்கள் நாலிலும் இருக்கிறார். அப்புறம் மீனம்பாக்கம் ஏர்போர்ட் படத்தில் இருக்கிறார். அதற்கப்புறம் எதிலும் இல்லை.

"இவர்தான் தாத்தாவுக்கு டிக்கெட் காசு குடுத்தவர்."

"எவிடென்ஸ்?"

"எல்லாரும் மாலை வச்சிருக்காங்க. இவர் மட்டும் பெட்டியத் தூக்கிட்டு நிக்கறார்ப்பா."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். எனக்குப் பழகிய பதில். நாற்பது வருஷத்துக்கு முந்தின எதைக் கேட்டாலும் இதுதான் வரும். நாங்களும் கேட்பதை எப்பவோ விட்டுவிட்டோம். சான்ஸின் ஆல்பத்தில் இருப்பவர்கள் யார் என்று டோபி ஃபாக்ஸுக்கே தெரியாமல் இருக்கலாம். இங்கே தெரிந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், வயசு எழுபத்தி மூணு.

அவள் விடவில்லை. "தாத்தா, தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, நான் அடிச்சிடறேன்."

கொஞ்ச நேரம் கழித்து, பேப்பரை மடிக்காமலே சொன்னார்: "காசு இல்லம்மா. பெட்டி. அந்தப் பெட்டி அவனோடது."

பெயர் கேட்டாள், சொன்னார். இப்ப எங்க இருக்கார் என்று கேட்டாள். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். நோட்டில் 'டிக்கெட்' என்பதை அடித்துவிட்டுப் 'பெட்டி' என்று எழுதி, கீழே அடுத்த கேள்வியையும் எழுதி வைத்திருக்கிறாள். வருகிற ஞாயிறு மறுபடி போகிறோம்.