எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?

திரைப்பட விமரிசனம் என்ற பெயரில் தமிழில் பல தலைமுறைகளாக எழுதப்பட்டு வந்திருக்கும் பக்கங்களைச் சற்று சிரத்தையோடு புரட்டிப் பார்க்கிற எவருக்கும், கதையைப் பற்றியும் நடிகர்களின் சாமர்த்தியத்தைப் பற்றியும் பாட்டைப் பற்றியும், சில சந்தர்ப்பங்களில் சமூகத்துக்கு விளையும் நன்மை தீமைகளைப் பற்றியும் தாராளமாக அபிப்பிராயம் வழங்கும் அந்த எழுத்துகளில், எழுதியவர் அந்தப் படத்தை எங்கே, எந்த நிலையிலிருந்த பிரதியில் கண்டார் என்ற தகவல் மட்டும் அநேகமாக எங்குமே அகப்படுவதில்லை என்பது விளங்கும். கொட்டகை ஒன்றே கதியாயிருந்த காலத்தில் இதைக் குறையென்று சொல்வதற்கில்லை. புதுப் படம், புது பிரிண்ட். விமரிசகர் கண்டதையே ஊரும் கண்டது. ஆனால் வீடியோ கேசட்டும், அதன் பின்னே விசிடியும் டிவிடியும், இன்று இணையத் திரைகளும் வந்து, பழைய படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோருமே வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடி எழுதுகிறவர்களாகிவிட்ட பிறகும், அந்த மௌனம் அப்படியே நீடிப்பதுதான் நாம் இந்த இதழில் பிரஸ்தாபிக்க விரும்பும் விஷயம்.

இதைப் பெங்களூரிலிருந்து சொல்ல நமக்கு ஒரு விசேஷ உரிமை உண்டு. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய தமிழர்களுக்கு, லாவண்யா போன்ற கொட்டகைகளில் தமிழ்ப் படம் பார்ப்பது சென்னையில் பார்ப்பதைப் போல் நிச்சயமான காரியமாக என்றும் இருந்ததில்லை. 1991 டிசம்பரில் காவிரியை முன்னிட்டு இந்நகரம் பற்றி எரிந்தபோதும், 2000-ஆம் ஆண்டு கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாட்கள் காட்டிலிருந்தபோதும், முதலில் மூடிக்கொண்டவை தமிழ்ப் படங்களின் வாயில்கள்தாம். கலவரம் ஏதுமில்லாத காலத்திலும், 2004-ல், பிறமொழிப் படங்கள் வெளியாகி ஏழு வாரம் சென்ற பிறகே கர்நாடகத்துக்குள் வரலாம் என்று கன்னடத் திரையுலகம் ஒரு கட்டுப்பாட்டை விதித்தது. அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பற்றி இங்கே விவாதிக்க நாம் முற்படவில்லை. நம் கவலை அதனால் நேர்ந்த ஒரு விசித்திரத்தைப் பற்றியது. சென்னை வாரப் பத்திரிகைகள் விமரிசனத்தைச் சுமந்துகொண்டு அந்தந்த வாரமே ரயிலேறி வந்துவிடும், படம் வராது, நடைபாதைக்கு மட்டும் ஏழு வார விதி கிடையாது. நேஷனல் மார்க்கெட்டில் வாங்கிய திருட்டு விசிடித் தட்டைச் சுழலவிட்டால், கொட்டகை இருட்டில் ஒளித்து வைத்த கேமரா பிடித்த திரை ஒரு பக்கம் சரிந்து தெரியும். நடுவில் ஒரு தலை எழுந்து நடந்து போகும். வசனத்தின் மேல் யாரோ இருமுவார். முன்பின் அறியாத ஊரின் சிரிப்பொலி நம் வீட்டுக்குள் கேட்கும். அதைக் கண்ட மறுநாள், ஒளிப்பதிவு சுமார்தான் என்று தேநீர்க் கடையில் தீர்ப்பளித்தவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை.

திருட்டுத் தட்டைப் பற்றிக் கோபப்படுவது எளிது. தமிழ்நாட்டு அரசு 2004-ல் குண்டர் சட்டத்தையே அதன்மீது ஏவியது. முறையாக உரிமை பெற்று வந்த தட்டுகள் படத்துக்கு என்ன செய்தன என்பதைப் பற்றியோ எவரும் கோபித்ததாக நினைவில்லை. நொய்டாவில் வெற்றுத் தட்டுகள் தயாரித்துவந்த மோசர் பேயர் ஸ்தாபனம் 2007 வாக்கில் படவுரிமைகளை மொத்தமாக வாங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலையிட்டு, மருந்துக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும்கூடத் தொங்கவிட்டபோது நாம் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஸ்ரீதரையும் கே. பாலசந்தரையும் மகேந்திரனையும் பெயராக மட்டும் அறிந்திருந்த ஒரு தலைமுறை அந்த மலிவு விலையில்தான் தமிழ் சினிமாவின் பாலபாடத்தைக் கற்றது. லண்டனிலும் டொரான்டோவிலும் ஐங்கரன் நிறுவனத்தின் தட்டுகள் ஈழத்தமிழர் இல்லங்களில் ஆற்றிய தொண்டும் அத்தகையதே. அந்த நன்றியை மறவாமலேதான் இனி வருவதைச் சொல்கிறோம்.

விசிடியின் படம் 352 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. அதில் இருட்டு என்ற ஒன்று கிடையாது, சாம்பல் நிறச் சதுரங்களே உண்டு. டிவிடி அதனினும் மேலானதுதான். ஆனால் ஓரடுக்குத் தட்டில் 4.7 ஜிபிதான் கொள்ளும் என்றிருக்க, அதில் இரண்டரை மணி நேரப் படங்கள் மூன்றை அடைத்து, ‘ஒன்றில் மூன்று’ என்று உறையில் பெருமையோடு அச்சிட்டால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது என்ன? நிழலும் புகையும் நுணுக்கமும் கரைந்து, முகங்களும் வசனமும் மட்டும் எஞ்சும். 1954-ல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாட்டே இல்லாத படம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். கொட்டகையில் அது தோற்றது என்பதையும், தேசிய விருதுகளில் நற்சான்று பெற்றது என்பதையும் சொல்வார்கள். குரோசாவாவின் ‘ராஷோமோன்’ பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் அந்தப் படத்தில் நிழலைக் கொண்டு செய்த காரியத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியவர்கள் வெகு சிலரே என்றால், அதற்கு ரசனைக் குறைவு மட்டுமா காரணம்? அந்த நிழல் அவர்கள் கைக்கு வந்த தட்டில் இருக்கவில்லை. இல்லாததைப் பற்றி எப்படி எழுதுவார்கள்? வசனத்தையும் கதையையும் கொண்டே படத்தை அளக்கும் நம் விமரிசனப் பழக்கத்துக்கு, நாடக மேடையிலிருந்து வந்த பரம்பரை ஒரு காரணமென்றால், முகமும் வசனமும் மட்டுமே பிழைத்திருக்கும் இந்தப் பிரதிகள் இரண்டாவது காரணம் என்பது நம் உறுதியான கட்சி.

வெட்டு இன்னொரு விஷயம். படம் தொடங்குமுன் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழை நாம் யாரும் படிப்பதில்லை. ஃபிலிம் காலத்துப் படமானால் அதில் படத்தின் நீளம் அடிக்கணக்கிலோ மீட்டரிலோ குறிக்கப்பட்டிருக்கும். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். சான்றிதழ் 15,000 அடி என்றால் கொட்டகையில் 166 நிமிஷமும் சில விநாடிகளும் ஓடியிருக்க வேண்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 24 சட்டத்துக்குப் பதில் 25 சட்டமாக ஓட்டுவதால் தட்டில் அது 160 நிமிஷத்துக்குச் சுருங்கலாம், அது குற்றமன்று. 140-ல் முடிந்துவிட்டால் இருபது நிமிஷத்தை யாரோ விழுங்கிவிட்டார்கள். எழுதுகிறவர் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே, ‘இரண்டாம் பகுதியில் கதை தாவித் தாவிச் செல்கிறது’ என்று இயக்குநர்மீது பழி போட்டால் அதை விமரிசனம் என்று எப்படி ஏற்பது? சதுரச் சட்டத்தில் எடுத்த ஐம்பதுகளின் படங்களை அகலத் தொலைக்காட்சிக்காக மேலும் கீழும் நறுக்கி இன்று ஏற்றிவிடுகிறார்கள். சிகையலங்காரமும் பாதமும் போய், நாட்டியக் காட்சியில் இடுப்புவரை ஆடுகிறார்கள். அதையும் பார்த்துவிட்டு ‘காமிராக் கோணங்களில் கற்பனையில்லை’ என்று எழுதலாம்!

1977-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை ‘கடசிராத்த’ என்ற கன்னடப் படத்துக்குக் கிடைத்தது. தமிழில் சிறந்த படமென்று ‘அக்ரகாரத்தில் கழுதை’ தேர்வாயிற்று. யு.ஆர். அனந்தமூர்த்தியின் கதையைக் கொண்டு கிரீஷ் காசரவள்ளி முன்னதையும், வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையைக் கொண்டு ஜான் ஆபிரகாம் பின்னதையும் இயக்கினார்கள். இயக்குநர்கள் இருவரும் புணே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்கள். இரண்டு படங்களின் களமும் அக்ரகாரந்தான். ஒன்றில், கருவுற்ற இளம் விதவையைச் சாதியிலிருந்து நீக்கி, அவள் உயிரோடிருக்கையிலேயே அவளுக்குச் சிராத்தம் செய்கிறார்கள். மற்றதில், அடித்துக் கொன்ற கழுதையையே பின்னர் கும்பிடத் துணிகிறார்கள். ஒரே வருஷத்தில் ஒரே மேடையில் ஏறிய இவ்விரண்டும் அடைந்த கதிகளை ஒப்பிடும்போது நாம் சொல்லவந்தது முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது.

காசரவள்ளியின் படத்தை மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும், மார்ட்டின் ஸ்கோர்செஸி தோற்றுவித்த உலக சினிமாத் திட்டமும் சேர்ந்து, இத்தாலியில் பொலோன்யா நகரத்துக் கூடமொன்றில் சட்டம் சட்டமாகச் செப்பனிட்டு, 2024-ல் வெனிஸ் திரைப்பட விழாவின் செவ்வியல் பிரிவில் திரையிட்டன. ஒளிப்பதிவாளர் எஸ். ராமச்சந்திராவின் கறுப்பு வெள்ளையை, அவர் அளித்த சாயல்களோடு இனி ஒரு புதிய விமரிசகர் கண்டு எழுத முடியும். ஜான் ஆபிரகாமின் படத்தையோ, 1989-ல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது. அதன் பிறகு நம்மில் பெரும்பாலோர் அதைக் கண்டதெல்லாம் நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுத்துப் படியெடுத்துத் தேய்ந்துபோன ஒரு மங்கலைத்தான். கடைசியில் அக்ரகாரம் தீப்பற்றும் காட்சியில் எது தீ, எது வீடு, எது மனிதன் என்று தெரியாத அந்தப் பிரதியை ஆதாரமாகக் கொண்டு, இது தொழில்நுட்பத்தில் பின்தங்கிய படம் என்று ஒரு சாராரும், அந்தக் கரடுமுரடே அதன் அழகியல் என்று மற்றொரு சாராரும் எழுதினார்கள். இரண்டு கட்சியும் பேசியது ஜான் ஆபிரகாமைப் பற்றியா, ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவருடைய வீடியோ டெக்கைப் பற்றியா என்பதைக் கண்டறிய வழியில்லை.

வெங்கட் சாமிநாதன் தம் கடைசிக் காலத்தை இந்தப் பெங்களூரில்தான் கழித்தார். 2015 அக்டோபரில் இங்கேதான் காலமானார். ‘எழுத்து’ பத்திரிகைக் காலம்தொட்டு எவருக்கும் தயவு காட்டாத பேனா அவருடையது. தமிழ் சினிமாவைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொன்ன சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தகைய விமரிசகர் தாமே இறங்கி எழுதிக் கொடுத்த படத்தின் திரைக்கதையை நூலாக வாங்கி வாசிக்க முடிகிறது, படத்தைத் தெளிவாகக் காண முடிவதில்லை என்பது தமிழர்களாகிய நம்முடைய முன்னுரிமைகளைப் பற்றிப் போதிய அளவு சொல்கிறது. எழுத்தென்றால் பாடபேதம் பார்ப்போம், உ.வே. சாமிநாதையர் ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பதிப்பித்த மரபு என்று மார்தட்டுவோம். படமென்றால் கையில் கிடைத்த தட்டே மூலம்.

மூலமோ பல படங்களுக்கு இனி இல்லை. தயாரிப்பாளர் வீடியோ உரிமையை ஒருவருக்கும் தொலைக்காட்சி உரிமையை இன்னொருவருக்கும் விற்றுவிட்டு, நெகட்டிவை லேபில் விட்டுவிடுவார்; வாடகை பாக்கி ஏறும்; ஃபிலிம் யுகம் முடிந்து லேபுகளே மூடப்பட்டபோது அந்தப் பெட்டிகளுக்கு உரிமை கொண்டாட வாரிசுகள்கூட வரவில்லை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ போன்ற தம் படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துபோயின என்று பாலு மகேந்திரா தம் இறுதி ஆண்டுகளில் வருந்திப் பேசினார். அவ்வாறாயின், யாரோ அலட்சியமாக அச்சடித்த ஒரு தட்டுதான் சில படங்களுக்கு மிஞ்சிய ஏடு. அதன் குறைகளைக் குறித்து வைப்பது இன்னும் அவசியமாகிறது. இந்நகரில் வசிக்கும் தியடோர் பாஸ்கரன், அஞ்சல் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தமிழ் சினிமாவின் சரித்திரத்தை ஆவணங்களிலிருந்து எழுதி, சினிமாவைப் பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதும் பெற்றவர். எந்தப் படம் எஞ்சியிருக்கிறது, எது எஞ்சவில்லை என்ற பிரக்ஞையோடு எழுதும் அவரைப் போன்றவர்கள் வழிகாட்டியும், நம் இதழ்க்காரர்கள் அந்த வழியில் அதிகம் நடக்கவில்லை.

மேல்நாட்டில் இது தனியொரு துறையாகவே வளர்ந்துவிட்டது. லண்டனிலிருந்து வரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ புதுப் படங்களுக்கு மதிப்புரை எழுதுவதைப் போலவே தட்டுகளுக்கும் எழுதுகிறது: எந்த நெகட்டிவிலிருந்து எடுத்தார்கள், சட்டம் சரியா, ஒலியைச் சுத்தம் செய்கிறோமென்று உயிரைப் போக்கினார்களா என்றெல்லாம். பொலோன்யாவில் ஆண்டுதோறும் நடக்கும் பழம்படத் திருவிழா, நல்ல தட்டு வெளியீடுகளுக்கென்றே 2004 முதல் பரிசளித்து வருகிறது. நம்மிடம் இருப்பது மதிப்பெண். ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 கொடுத்தது என்பது நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் பரீட்சை முடிவைப் போல் நினைவுகூரப்படுகிறது. நிவாஸின் ஒளிப்பதிவு அந்தப் படத்தில் வெளிப்புறத்தை எப்படிக் கையாண்டது என்பதை இன்று ஒரு மாணவனுக்குக் காட்ட நல்ல பிரதி எது என்று கேட்டால் பதில் சொல்வாரில்லை. 2003 பொங்கலில் கொட்டகையில் தோற்ற ‘அன்பே சிவம்’ பின்னர் தட்டிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டு அபிப்பிராயமே தலைகீழாயிற்று என்பது மறுபார்வையின் மகிமைக்கு நல்ல உதாரணம். ஆனால் மறுபார்வைக்கு மூலத்தோடு ஓரளவேனும் உறவுள்ள பிரதி வேண்டும். 2012-ல் ‘கர்ணன்’ புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்து சென்னையில் நூறு நாட்களைத் தாண்டி ஓடியபோது, பத்திரிகைகள் கூட்டத்தைப் பற்றி எழுதின, விசிலைப் பற்றி எழுதின. 1964-ல் பந்துலு தந்த படத்தோடு வைத்து ஒப்பிட அவற்றுக்கு நேரமில்லை.

ஆகவே நம் இதழில் ஒரு நியமத்தைக் கொண்டுவருகிறோம். அடுத்த இதழ்முதல் திரைப்படப் பகுதிக்கு வரும் கட்டுரை ஒவ்வொன்றின் தலைப்பிலும், எழுதியவர் பார்த்தது கொட்டகையிலா, பனசங்கரி சுசித்ரா போன்ற திரைப்படச் சங்கத்திலா, தட்டிலா, இணையத்திலா; எத்தனை நிமிஷம் ஓடியது; சான்றிதழில் எத்தனை அடி; சட்டம் சதுரமா அகலமா ஆகிய விவரங்கள் அச்சிடப்படும். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் ஆட்சேபணையில்லை. ஒன்றும் எழுதாமல் வரும் கட்டுரை திருப்பி அனுப்பப்படும். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் ராஜ் வீடியோ விஷன், மோசர் பேயர், ஐங்கரன் தட்டுகளை எடைக்குப் போடுமுன், உறையின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பி வையுங்கள். ஓடும் நேரம் பெரும்பாலும் அங்கேதான் அச்சிட்டிருக்கும். சில உறைகளில் அதுவும் இராது. அப்படியானால் தட்டைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.