பையன் செய்த குற்றம் என்ன?

புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலை என்றால் தெரியாதவர்கள் இல்லை. முத்துமாரியம்மன் தேருக்கு ஜனங்கள் திரண்டு போகும் ஊர். மலைமேல் விஜயாலய சோழீச்சுரம் இருக்கிறது. சுற்றிலும் பாறை.

அந்த ஊருக்கு அருகே பசுமலைப்பட்டியில் போலீசாரும் மத்தியப் படையினரும் துப்பாக்கி சுடப் பழகும் தளம் இருந்தது. 2021-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அங்கே பயிற்சி நடந்தது. சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்தான் 11 வயதுச் சிறுவன். அவன் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது! தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குண்டை எடுத்தார்கள். பலன் இல்லை. 2022 ஜனவரி 3-ந் தேதி பையன் இறந்துவிட்டான்.

பயிற்சி நிறுத்தப்பட்டது. பெற்றவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதோடு கணக்குத் தீர்ந்துவிட்டதா?

சிப்பாய் சுடப் பழகத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. பழகாத கையில் துப்பாக்கி இருந்தால் இன்னும் ஆபத்து. எங்கே பழகுவது என்பதுதான் வழக்கு.

குறிப்பலகை 100 மீட்டரிலோ, 300 மீட்டரிலோ நிற்கும். 'ஊர் எவ்வளவோ தூரம் இருக்கிறதே' என்று தோன்றும். குண்டுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ராணுவத் துப்பாக்கிகளில் பல நாடுகள் பயன்படுத்தும் 7.62 மில்லிமீட்டர் நேட்டோ ரகக் குண்டு, தடை இல்லாவிட்டால் 3 கிலோமீட்டருக்கும் மேல் போகும். சுடுகிறவன் குழல்முனையைச் சற்றே தூக்கிவிட்டால் போதும்.

ஆகவே பலகைக்குப் பின்னால் உயரமான மண்மேடு வேண்டும். மண் குண்டை விழுங்கும். பாறை விழுங்காது. பாறையில் பட்ட குண்டு தெறித்து எந்தத் திசையிலும் பாயும். 'பின்னால்தான் மலை இருக்கிறதே' என்று நிம்மதியாக இருப்பது அறியாமை. மேட்டு மண்ணில் கல் இருக்கக்கூடாது. பொறுக்கி எடுக்க வேண்டும். மழையில் மேடு கரையும். திரும்பக் கொட்டி உயர்த்த வேண்டும். சுட்டுச் சுட்டு உள்ளே ஈயம் சேர்ந்துவிட்டால், அடுத்த குண்டு அதில் பட்டுத் தெறிக்கும். அதையும் சலித்து எடுக்க வேண்டும். வீட்டுக் கூரையைப் பார்ப்பதுபோல் வருஷா வருஷம் பார்க்க வேண்டிய வேலை இது. ஆனால் கூரை ஒழுகினால் வீட்டுக்காரன் நனைவான். மேடு கரைந்தால் அடிபடுகிறவன் வேறு ஆள்!

சுடும் நாளில் சிவப்புக் கொடி கட்டுவது வழக்கம். 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியுமா? ஆடு மேய்க்கப் போன கிழவிக்குத் தெரியுமா? ராணுவம் வெட்டவெளியில் சுட்டுப் பழகுவதற்கு 1938-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. ஜனங்களுக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும், சேதத்துக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்கிறது அது. நிரந்தரமான தளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் அந்த மரியாதை உண்டு. முதல் நாளே தண்டோரா போட்டால் என்ன? ஒலிபெருக்கியில் சொன்னால் என்ன?

குண்டு போய்ச் சேரும் கடைசித் தூரத்தை அளந்து, அதற்குள் வீடு இருந்தால் அங்கே திறந்தவெளியில் சுடக்கூடாது. நான்கு சுவருக்குள், மேலேயும் தடுப்பு வைத்துச் சுடும் தளங்கள் இருக்கின்றன. செலவு கூடத்தான். அளக்கப் போகும் அதிகாரிகள் பஞ்சாயத்துத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். எந்த வீடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.