வேகமான வில்தான் சிறந்த வில்லா?

அம்பெய்தல் பயிற்சியில் புதிதாகச் சேரும் மாணவர்கள் பலர், “எந்த வில் அம்பை வேகமாகச் செலுத்தும்?” என்றுதான் முதலில் கேட்கின்றனர். விடை எளிது. வளைநுனி வில்லும் நெடுவில்லும் ஒரே இழுவிசை கொண்டவையாக இருந்து, ஒரே எடையுள்ள அம்பை எய்தால், பொதுவாக வளைநுனி வில்லின் அம்பே முந்தும். ஆனால், அந்த விடையை மட்டும் நம்பி வில்லைத் தேர்ந்தெடுப்பது தவறு.

‘ரிகர்வ்’ எனப்படும் வளைநுனி வில்லின் இரு முனைகளும் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்திருக்கும். நாணை இழுக்கத் தொடங்கியதுமே விசை விரைவாகக் கூடுவதால், அதே தூரம் இழுக்கும்போது இந்த வில்லில் கூடுதல் ஆற்றல் சேர்கிறது. நாணை விட்டதும் அவ்வாற்றல் முழுவதும் அம்புக்குப் போய்விடாது. பிடிக்கு மேலும் கீழும் உள்ள வில்லின் கைகளை முன்னோக்கி நகர்த்தவும் ஒரு பகுதி செலவாகிறது. நெடுவில்லின் கைகள் நீளமானவை, கனமானவை. ஆகவே, அங்கு வீணாகும் பங்கு அதிகம்.

ஒலிம்பிக் வீரரின் அம்பு வினாடிக்கு ஏறத்தாழ 60 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. பொழுதுபோக்குக்காக எய்யப்படும் மர நெடுவில்லில் அது ஏறத்தாழ 45 மீட்டர்தான். எனினும், இந்த ஒப்பீடு நியாயமானதன்று. முதலாவது மெல்லிய கார்பன் அம்பு. இரண்டாவது கனமான மர அம்பு. வேறுபாட்டில் ஒரு பங்கு வில்லால் வந்ததன்று, அம்பால் வந்தது.

எடையை மறந்து வேகத்தை மட்டும் பார்ப்பவர், வரலாற்றையும் தவறாகவே படிப்பார். 1545இல் மூழ்கி, 1982இல் கடலிலிருந்து மீட்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றுள் பலவற்றின் இழுவிசை 100 பவுண்டைத் தாண்டும். இன்றைய ஒலிம்பிக் வில்லைப்போல் இரு மடங்குக்கும் மேல். 20 கிராம் அம்பு 60 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் இயக்க ஆற்றல் 36 ஜூல். 60 கிராம் போர் அம்பு 50 மீட்டர் வேகத்தில் சென்றாலே 75 ஜூல்! மேலும், ஆசியப் புல்வெளிகளின் குதிரை வீரர்கள் பயன்படுத்திய வளைநுனி வில் கொம்பு, தசைநார், விலங்குப் பசை ஆகியவற்றால் ஆனது. அதைச் செய்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும்; ஈரமோ அதற்குப் பகை. மழை மிகுந்த இங்கிலாந்தில் ஒரே மரத்துண்டில் செதுக்கிய நெடுவில் நிலைத்ததில் வியப்பில்லை.

அதே கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில், தோள்பட்டை எலும்பின் நுனி முழுமையாக இணையாமல் இருந்தது. இளமையிலேயே கனமான வில்லை இழுத்துப் பழகியதே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வேகத்துக்கு ஆசைப்பட்டுத் தம் வலிமைக்கு மீறிய வில்லைக் கேட்கும் மாணவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோள் நடுங்க இழுப்பவரால் ஒரே அளவில் இருமுறை இழுக்க முடியாது.

அந்த ஒரே அளவுதான் இங்கு முக்கியம். ஒலிம்பிக் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர். 60 மீட்டர் வேகத்தில் நடுவில் பட வேண்டிய அம்பு, 59 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கீழே, சிவப்பு வட்டத்தில் போய்க் குத்தும். இதைத் தவிர்க்கவே ஒலிம்பிக் வில்லில் ‘கிளிக்கர்’ என்னும் மெல்லிய தகட்டைப் பொருத்துகின்றனர். சரியான அளவுக்கு இழுத்ததும் அது ‘டிக்’கென ஒலிக்கும். நெடுவில் எய்பவருக்கு அந்த உதவியும் இல்லை. ஒவ்வொரு முறையும் தம் கை முகத்தில் அதே இடத்தைத் தொடுகிறதா என்பதை அவரே உணர வேண்டும்.