தொலைந்துபோகும் 'ஆம்'

மேன்முறையீடு என்பது வழக்கை அடியிலிருந்து மீண்டும் நடத்துவதன்று. கீழ்மன்றத்து நடுவர், சான்று சொல்வானைக் கண்ணெதிரே நிறுத்திக் கேட்கின்றார். அவன் முகம் வெளிறுவதையும், நாக் குழறுவதையும், கேட்டதற்கு விடையிறுக்காமல் வேறு பேசுவதையும் பார்க்கின்றார். மேல்மன்றத்து நடுவர்க்கு அவ்வாய்ப்பில்லை. அவர்முன் இருப்பன தாள்களே. முதல் மேன்முறையீட்டில் நடந்த செய்தியையும் ஆராயலாம், சட்டத்தையும் ஆராயலாம். உரிமையியல் வழக்கின் இரண்டாம் மேன்முறையீட்டிலோ, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அடிப்படையான சட்டச் சிக்கல் இருந்தாலன்றி உள்ளே நுழையவும் இயலாது. மேலே செல்லச் செல்ல ஆள் மறைந்து சொல் மட்டுமே எஞ்சுகின்றது.

அச்சொல் எம்மொழியில் எஞ்சுகின்றது என்பதே கேள்வி!

தமிழ்நாட்டுக் கீழ்மன்றங்களில் சான்றுரையைத் தமிழிற் பதியவும் தீர்ப்பைத் தமிழில் எழுதவும் 1976இலேயே ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பெற்றது. ஆயினும், உயர் முறைமன்றத்தில் தமிழறியா நடுவர் அமர்ந்திருப்பின் அவர் படிப்பது ஆங்கிலப் பெயர்ப்பையே. வழக்கு தில்லிக்குப் போய்விட்டாலோ எல்லாமே ஆங்கிலந்தான்.

உழவன் ஒருவன் சான்றுக் கூண்டில் நின்று, "வரப்பை வெட்டினானாம்" என்கின்றான். ஈற்றிலுள்ள அந்த 'ஆம்' ஒன்றே, அவன் தானே கண்டதைச் சொல்லவில்லை, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்கின்றான் என்பதைக் காட்டிவிடும். நேரிற் கண்டதைக் கண்டவனே சொல்லவேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் தலையாய நெறி. 2024 சூலை 1 முதல் அதனிடத்தில் நடப்புக்கு வந்துள்ள சட்டமும் அதனையே கூறுகின்றது. (அப் புதுச் சட்டத்தின் பெயரோ வடமொழி, தமிழன் அதைப் பலுக்கவே தனிப் பயிற்சி வேண்டும்!) மொழிபெயர்ப்பவர் அவ் 'ஆமை' விட்டு, 'வெட்டினான்' என்ற அளவில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், கேள்வியுற்ற செய்தி கண்ட செய்தியாகிவிடும். ஆளையே பாராத நடுவர் அத்தவற்றை எங்ஙனம் உணர்வார்? சிற்றன்னை, பெரியன்னை, அத்தை, மாமி ஆகிய அனைவரையும் ஒரே சொல்லில் அடக்கும் மொழியில், பங்குப் பிரிவினை வழக்கின் உறவுமுறை படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

வெளிமாநிலத்து நடுவர்க்குத் தமிழ் தெரியாதே என்பர் சிலர். இராசத்தானில் 1950இலும், உத்தரப்பிரதேசத்தில் 1969இலும், மத்தியப்பிரதேசத்தில் 1971இலும், பீகாரில் 1972இலும் உயர் முறைமன்றங்களில் இந்திக்கு இசைவு அளிக்கப்பெற்றபோது அத்தடை எங்கே போயிற்று?

அரசியல் சட்டத்தின் 348(2)ஆம் பிரிவு கேட்பது குடியரசுத் தலைவரின் முன்னிசைவை மட்டுமே. தீர்ப்பைத் தாய்மொழியில் வழங்கவும், உடன் ஆங்கிலப் பெயர்ப்பு இருந்தாற் போதும் என 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வழிவிடுகின்றது. தலைமை நடுவரின் கருத்தையும் கேட்கவேண்டும் என்பது, 1965இல் நடுவண் அமைச்சரவைக் குழுவொன்று எடுத்த முடிவேயன்றிச் சட்டத்தின் எழுத்தன்று. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பரில் ஒருமித்து விடுத்த வேண்டுகை அவ்வழியேதான் உச்ச முறைமன்றத்திற்குச் சென்று, 2012இல் மறுக்கப்பெற்றது. இந்திக்குத் திறந்த கதவைத் தமிழுக்கு அடைத்த அந்த 1965ஆம் ஆண்டு முடிவை நடுவணரசு திரும்பப் பெறல்வேண்டும். தமிழ்நாட்டரசு அவ்வேண்டுகையை மீண்டும் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, இம்முறை நேரே குடியரசுத் தலைவர்க்கு விடுத்தல்வேண்டும்.