பழுது பார்ப்பதும் அமானிதமே

காருக்குக் கம்பெனி சர்வீஸா, நம்மூர் மெக்கானிக்கா என்று பலரும் கேட்கின்றனர்.

வாரண்டி உள்ளவரை கம்பெனி சர்வீஸே பாதுகாப்பானது. அது முடிந்தபின் ஆயில், பிரேக் போன்ற வழக்கமான வேலைகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் உள்ள தேர்ந்த மெக்கானிக்குகளே போதும் என்பது என் கருத்து. அசல் உதிரிபாகங்கள் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்காதபடி தடுத்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பெரிய பெயர் மட்டுமே நேர்மைக்குச் சான்றாகாது.

சிறிய பட்டறை என்பதும் சான்றாகாது. மழையில் நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பழைய ஃபில்டரைத் துடைத்துப் புதியதென மாட்டுவதும் அத்தகைய மோசடியே. எனவே தொகையை முன்பே பேசுங்கள்; கழற்றிய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

நமக்கும் கடமையுண்டு. கம்பெனியில் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கட்டிவிட்டு, கிரீஸ் படிந்த கையோடு நிற்பவரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவது நீதியன்று. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. "அடுத்த வாரம் தருகிறேன்" என்று அவரை அலைக்கழிப்பதும் அநீதியே.

கொடுக்கல் வாங்கலில் நேர்மையாளர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக!